லாஸ்பேட்டை மாடி வீட்டுக்கு எந்த நாய்க்குட்டி?

கேள்வி இது. லாஸ்பேட்டையில் முதல் மாடியில் வாடகை வீடு. கணவருக்குக் கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, கேட்பவர் பள்ளி ஆசிரியை. ஆறாவதும் மூன்றாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், கூட மாமியார். யாரும் இதுவரை நாய் வளர்த்ததில்லை. பையனுக்கு ஹஸ்கி வேண்டும், கணவருக்கு லேப்ரடார், மாமியாருக்கு ராஜபாளையம். தீபாவளிக்குள் குட்டி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எதை வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது, வந்த பிறகு என்ன செய்வது? இரண்டு குட்டியாக வாங்கினால் ஒன்றுக்கொன்று துணையாக இருக்குமா?

இனத்துக்கு அப்புறம் வருகிறேன். காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலரை வரை வீட்டில் யார் இருப்பார்கள்? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மாமியார் மட்டும்தான். அப்படியென்றால் குட்டி பெய்வதைத் துடைப்பது, மதியச் சாப்பாடு வைப்பது, சோபாவைக் கடித்தால் விரட்டுவது எல்லாம் அவர்தான். பையன் கேட்கிறான், அப்பா பணம் கொடுக்கிறார், வேலை பாட்டி தலையில் விழுகிறது. கால்நடை மருத்துவமனையில் நான் வேலை பார்த்த காலத்தில், "யாராவது எடுத்துக்கொள்வார்களா சார்" என்று எட்டு மாதம், பத்து மாதம் ஆன நல்ல நல்ல நாய்களைச் சங்கிலியோடு கொண்டுவந்து நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் வீட்டு நிலவரம் இதுதான். அதனால் முதலில் மாமியாரிடம் கேளுங்கள். எந்த நாய் பிடிக்கும் என்று கேட்க வேண்டாம். எவ்வளவு பெரிய நாயை உங்களால் இழுத்துப் பிடிக்க முடியும், குனிந்து நிமிர முட்டி ஒத்துழைக்குமா, மாடிப்படியில் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியுமா என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே பாதி இனங்கள் கழிந்துவிடும்.

இன்னொன்று, வீட்டு உரிமையாளர். விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் அது இது என்று பிறகு வாதாடலாம்தான். ஆனால் வாடகை வீட்டில் இருந்துகொண்டு உரிமையாளரோடு சண்டை போட்டு யாரும் நிம்மதியாக நாய் வளர்த்ததில்லை. குட்டி பார்க்கப் போவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லி, மொட்டை மாடியைப் பயன்படுத்தலாமா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மூன்று ஆசைகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹஸ்கி வேண்டாம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சைபீரியாவில் பனியில் வண்டி இழுப்பதற்காக வளர்க்கப்பட்ட நாய் அது. உடம்பில் இரண்டு அடுக்கு முடி. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்து, அந்த ஈரம் ஆவியாவதால்தான் உடம்பு குளிர வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த ஆவியாதல் சரியாக நடக்காது. வேலூரில் வெயில் நம்மை விடக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் கத்திரி நேரத்துப் புழுக்கத்தில் புதுச்சேரியில் ஒரு ஹஸ்கி படும் பாடு தனி. "ஏசி போட்டுக்கொள்கிறோம்" என்பார்கள். நாள் முழுக்க ஏசியில் அடைத்து வைத்தால், ஓடுவதற்கென்றே பிறந்த நாய் கதவைப் பிறாண்டும், ஊளையிடும். அப்புறம் கரண்ட்டை நம்பி ஒரு உயிரை வைத்திருப்பது நம் ஊரில் நடக்கிற காரியமா? 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த பிறகு கடலூர் பக்கம் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. முடியை மழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அந்த முடி வெயிலையும் தடுக்கிறது. மழித்தால் தோல் நேரடியாகக் காய்கிறது, முடியும் சீராகத் திரும்ப வளராமல் போகலாம். பையனிடம் இதை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வான். ஆறாவது படிக்கிற பிள்ளைகள் பெரியவர்களை விட இந்த விஷயத்தில் நியாயமானவர்கள்.

இதே காரணத்தால் பக், பிரெஞ்சு புல்டாக் மாதிரி மூக்கு அமுங்கிய இனங்களும் வேண்டாம். மூச்சு விடுவதே அவற்றுக்குப் பாடு. யாராவது "மாடி வீட்டுக்கு பக்தான் சரி" என்று சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாம்.

லேப்ரடார் விஷயம் அப்படியில்லை. குணத்தில் தங்கமான நாய், பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும், சொன்னதைக் கற்றுக்கொள்ளும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வழியில் வந்தது. தண்ணீரைக் கண்டால் விடாது. ஆனால் வளர்ந்தால் 25 முதல் 35 கிலோ. ஒரு வயதில் உடம்பு முழு நாய், புத்தி இன்னும் குட்டி. தெருவில் ஒரு பூனையைப் பார்த்துப் பாய்ந்தால் உங்கள் மாமியாரால் பிடித்து நிறுத்த முடியாது. விழுந்தால் இடுப்பெலும்பு போகும். பெரிய நாயால் வீட்டில் நடக்கும் விபத்து பெரும்பாலும் கடி இல்லை, இந்த மாதிரி இழுத்துத் தள்ளுவதுதான்.

லேப்ரடாரின் பசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் முன்புதான் சாப்பிட்டிருக்கும், ஒரு வாரம் பட்டினி கிடந்த முகத்தோடு வந்து நிற்கும். 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பார்த்த லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் வேலையில் பங்குள்ள ஒரு மரபணுவில் குறை இருந்தது. நம் வீடுகளில் பாட்டி ஒரு இட்லி, பேரன் ஒரு பிஸ்கட், சாயங்காலம் டீயோடு ஒரு ரஸ்க் என்று போகும். மூன்று வயதில் அந்த நாய் நடக்கவே முடியாமல் பீப்பாய் போல உட்கார்ந்திருக்கும். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாகவே வருவது, எடை கூடினால் அது இன்னும் மோசமாகும். வழுக்கும் டைல்ஸ் தரையில் குட்டி கால் பரப்பி வழுக்கிக்கொண்டே வளர்வதும் அந்த மூட்டுக்கு ஆகாது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இது பொருந்தும். கணவர் பிடிவாதமாக லேப்ரடார்தான் என்றால் என் நிபந்தனை ஒன்றே. எந்த ஷிஃப்ட்டாக இருந்தாலும் நாளைக்கு இரண்டு நடை அவர் பொறுப்பு. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த காலையிலும். அதற்குச் சரி என்று சொல்கிறாரா பாருங்கள். செலவிலும் ஒரு கண் இருக்கட்டும். வளர்ந்த லேப்ரடாருக்கு உலர்தீவனம் மட்டுமே மாதம் பத்து கிலோவைத் தொடும்.

மாமியார் கேட்கும் ராஜபாளையம் எனக்கும் பிடித்த நாய்தான். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்கள் நான்குக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். வெள்ளை வெளேரென்ற உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். ஆனால் அது வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வந்த நாய். ஓட இடம் வேண்டும், பெரும்பாலும் ஒருவரைத்தான் எஜமானாக ஏற்கும், புது ஆளை எளிதில் விடாது. உங்கள் வீட்டுக்கு டியூஷன் பிள்ளைகள், கீழ்வீட்டுக்காரர், கேஸ் சிலிண்டர் போடுபவர் என்று ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து பிறவிச் செவிடும் இந்த இனத்தில் வரும். எங்கேயாவது ராஜபாளையம் குட்டி பார்க்க நேர்ந்தால், அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். காது திரும்ப வேண்டும். மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்து அதுவும் திரும்பும், அதனால் தனியாக வைத்துத் தட்ட வேண்டும். நம் பக்கத்து மற்ற இனங்களில் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்ட நாய்கள், கோம்பை முரட்டுக் காவல் நாய். பாகூர் பக்கம் தோட்டத்து வீடு இருந்து, ஏற்கெனவே நாய் வளர்த்த கை என்றால் தாராளமாகச் சொல்வேன். லாஸ்பேட்டை மாடிக்கு, முதல் நாயாக, வேண்டாம்.

அப்படியென்றால் எது? என்னைக் கேட்டால் நாட்டு நாய்க்குட்டி. தெருவில் பிறக்கிறதே, அதுதான். முகம் சுளிக்காமல் கேளுங்கள். நடுத்தர உடம்பு, குட்டை முடி, இந்த வெயிலிலும் இந்தப் புழுக்கத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்த உடம்பு. பரம்பரை மூட்டுக் கோளாறு, மூச்சுக் கோளாறு எல்லாம் மிகக் குறைவு. வாசலில் செருப்புச் சத்தம் மாறினால் குரைக்கும், உங்கள் மாமியார் தேடும் காவல் அதுவே போதும். பதினைந்து, இருபது கிலோவுக்குள் நிற்கும், பிடித்துக்கொள்ள முடியும். இதிலும் பொய் ஒன்று உலவுகிறது. "நாட்டு நாய்க்கு நோயே வராது, ஊசி வேண்டாம்" என்பார்கள். பார்வோ என்கிற வைரஸ் பேதி வந்தால் நாட்டுக் குட்டியும்தான் சாகும். ஆறு, ஏழு மாதத்தில் கொஞ்சம் கூச்சமும் சந்தேகமும் வருவது இவற்றின் சுபாவம். சின்ன வயதிலேயே ஆள் பழக்கம் காட்டினால் அது தணியும்.

நாட்டு நாய் வேண்டவே வேண்டாம் என்று வீட்டில் ஒரே பிடியாக நின்றால், அடுத்தது நம் ஊரில் எல்லாரும் பொமரேனியன் என்று கூப்பிடுகிற இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் மூன்று கிலோகூட வராத கைக்குட்டை சைஸ். நம் தெருக்களில் பால்கனியில் நின்று குரைப்பது ஸ்பிட்ஸ். பல தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து பழகியது, மாடி வீட்டுக்கு அளவானது. முடி கொட்டும், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சீவ வேண்டும். குரைப்பைத்தான் முதலிலேயே கவனிக்க வேண்டும், கீழ்வீட்டுக்காரரின் பொறுமை அதில்தான் போகும்.

இப்போது தீபாவளி. தயவுசெய்து தீபாவளிக்குள் வேண்டாம், தை மாதம் வரை பொறுங்கள். காரணம் வெடிச்சத்தம் மட்டுமில்லை. குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து சுமார் பதினான்கு வாரம் வரையிலான காலத்தில் பதிகிற பயம் ஆயுசுக்கும் நிற்கக்கூடும். அந்த நேரத்தில் லட்சுமி வெடியோடு வாழ்க்கையைத் தொடங்க வேண்டாம் என்பது ஒன்று. அப்புறம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் தண்ணீரில் நின்றன. தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல் வரும். அது நாய்க்கும் வரும், நமக்கும் வரும், நாயிடமிருந்தும் நமக்கு வரும். மொட்டை மாடியில் கழிவுப் பழக்கம் சொல்லிக்கொடுக்கவும் அடைமழையில் முடியாது.

தை மாதம் கணக்குச் சரியாக விழுகிறது. பொங்கல் லீவில் இரண்டு மாதக் குட்டியைக் கொண்டுவந்தால் வீட்டில் எல்லாரும் சில நாள் இருப்பீர்கள். தொடர் ஊசிகள் மார்ச் நடுவில் முடியும், வெயில் ஏறுவதற்குள் வெளியே நடக்கத் தொடங்கிவிடும். மே மாதம் பள்ளி லீவில் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது குட்டிக்கு ஐந்தாறு மாதம், பழக்குவதற்கு ஏற்ற வயது. தெரு நாய்கள் மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிரிலும்தான் அதிகம் ஈனும் என்பதால், நாட்டுக் குட்டிகளும் அப்போது தேடாமலே கிடைக்கும். பெட்டைக் குட்டிகளை யாரும் எடுப்பதில்லை, கோணியில் கட்டி எங்கேயாவது விட்டுவிடுகிறார்கள். ஆணா பெண்ணா என்று குழம்பினால் பெட்டையை எடுங்கள். கருத்தடை அறுவை செய்துவிட்டால் தொல்லை இல்லை. எப்போது செய்யலாம் என்பதை டாக்டர் குட்டியைப் பார்த்துச் சொல்வார்.

விலை கொடுத்து வாங்குவதாக இருந்தால், குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள். குட்டி எல்லாமே அழகுதான், அதைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தாய் எப்படி இருக்கிறது, புது ஆளைக் கண்டு நடுங்குகிறதா, சீறுகிறதா, வாலை ஆட்டுகிறதா, எலும்பும் தோலுமாக இருக்கிறதா, படுக்கும் இடம் எப்படி நாறுகிறது. "தாய் ஊரில் இருக்கிறது", "வேறொரு இடத்தில் வைத்திருக்கிறோம்" என்று சொன்னால் வந்த வழியே திரும்பிவிடலாம். ஃபோட்டோ அனுப்பி, அட்வான்ஸ் ஜிபே பண்ணுங்கள், ராத்திரி பஸ்ஸில் போட்டு விடுகிறோம் என்பவர்களிடம் பேச்சே வேண்டாம். "ஹெவி போன் சார்", "ஷோ குவாலிட்டி", "பஞ்ச் ஃபேஸ்" என்ற வார்த்தைகளுக்கெல்லாம் விலை உண்டே தவிர அர்த்தம் பெரிதாக இல்லை. கென்னல் கிளப் பேப்பர் இருக்கிறதா என்று கேட்கலாம். அது வம்சாவளிக்கான காகிதம். ஆரோக்கியத்துக்கு அது உத்தரவாதம் தராது.

வயது முக்கியம். முப்பது நாள், முப்பத்தைந்து நாள் குட்டியை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார்கள். மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது, இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். எட்டு வாரம் என்பதில் காரணம் இருக்கிறது. கூடப் பிறந்தவற்றோடு விளையாடும்போது பலமாகக் கடித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நிற்கும், தாயும் உறுமும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அங்கேதான் கற்கிறது. ஒரு மாதத்தில் பிரித்துக் கொண்டுவந்த குட்டி அந்தப் பாடத்தை உங்கள் பிள்ளைகளின் கையில் படிக்கும்.

குட்டியைக் கையில் எடுத்தால் பார்க்க வேண்டியவை இவ்வளவுதான். கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகக் கூடாது. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் பூச்சியோ உண்ணியோ ரத்தத்தைக் குடிக்கிறது. உடம்பு ஒல்லியாகவும் வயிறு மட்டும் பானையாகவும் இருந்தால் வயிற்றில் பூச்சி. காதுக்குள், விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். வால் அடியில் பேதி ஒட்டியிருக்கக் கூடாது. ஊசி போட்டாயிற்று என்றால் அட்டையைக் கேளுங்கள். மருந்துக் குப்பியிலிருந்து கிழித்து ஒட்டிய லேபிளும் டாக்டர் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். பேனாவால் தேதி மட்டும் எழுதியிருந்தால் போடவில்லை என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குங்கள். ஓடிவந்து மேலே ஏறும் குட்டிதான் கெட்டிக்காரக் குட்டி என்று எல்லாரும் அதைத்தான் தூக்குவார்கள். புதிதாக வளர்ப்பவர்களுக்கு நான் நடுவில் இருப்பதைச் சொல்வேன். மூலையில் ஒடுங்குவதும் வேண்டாம், எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு வருவதும் வேண்டாம்.

கொண்டுவரும் நாள் காலை நேரமாக இருக்கட்டும், இருட்டுவதற்குள் வீடு பழகும். தாய் படுத்த துணி ஒரு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். வண்டியில் வாந்தி எடுக்கும், அதனால் கிளம்புவதற்கு முன் வயிறு நிறையக் கொடுக்க வேண்டாம். அங்கே என்ன தின்றதோ அதையே ஒரு வாரம் கொடுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். முதல் இரண்டு மூன்று ராத்திரி அழும். குளியலறையிலோ மொட்டை மாடியிலோ பூட்டிவிட்டு "அழுது அழுது பழகிவிடும்" என்று படுத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். வேண்டாம். ஒரு அட்டைப்பெட்டியில் அந்தத் துணியைப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள், அழுதால் கையைக் கீழே விடுங்கள், மோந்து பார்த்துவிட்டுத் தூங்கும்.

சிறுநீர் விஷயத்தில் மாமியாருக்குச் சொல்லி வைக்க வேண்டியது: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டி பெய்யும். அந்த மூன்று நேரமும் தூக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் விடுங்கள். உங்கள் வீட்டில் பால்கனி மூலையில் பழைய துணியோ பேப்பரோ போட்டுத் தொடங்கலாம். அங்கே போனால் உடனே பாராட்டு, ஒரு சின்னத் துண்டு முட்டை. வீட்டுக்குள் பெய்துவிட்டால் சத்தமில்லாமல் துடைத்துவிடுங்கள். மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் பயன்படாது, உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் போவதற்குத்தான் அது கற்றுக்கொள்ளும். மாடிப்படியில் குட்டியை ஏற இறங்க விடாமல் சில மாதம் தூக்கிக்கொண்டே போங்கள்.

சாப்பாடு இரண்டு மாதத்தில் நாளைக்கு நாலு வேளை, மூன்று மாதத்துக்கு மேல் மூன்று, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு. பாலும் பிஸ்கட்டும் குட்டிக்குச் சாப்பாடே இல்லை. மாட்டுப்பால் பல குட்டிகளுக்குப் பேதி ஆகும். குட்டிகளுக்கான தீவனம் வாங்கினால் அதுவே போதும். மேலே கால்சியம் சிரப் ஊற்றினால் எலும்பு பலப்படும் என்று நினைத்துப் பெரிய இனக் குட்டிகளுக்கு ஊற்றுகிறார்கள், அது எலும்பைக் கெடுக்கும். வீட்டுச் சமையல்தான் என்றால் சோறு குறைவாக, வேகவைத்த கோழியும் முட்டையும் தாராளமாக, கொஞ்சம் கேரட் அல்லது பூசணி. எந்த அளவில் என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மீன் கொடுக்கலாம், நம் ஊரில் அதற்கென்ன பஞ்சம், ஆனால் வேகவைத்து முள் எடுத்து. வெந்த கோழி எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம் போட்ட குழம்புச் சோறு, திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள்.

ஊசிக்கு உங்களுக்குப் பெரிய வசதி இருக்கிறது. குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் கிட்டத்தில்தான். குட்டி வந்த இரண்டு மூன்று நாளில் ஒரு தடவை காட்டி, பூச்சி மருந்தும் ஊசி அட்டவணையும் வாங்கிவிடுங்கள். பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோவுக்கும், டிஸ்டெம்பர் என்கிற இன்னொரு வைரஸ் நோய்க்கும் ஊசி தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் வரை போகும். பல நோய்க்குச் சேர்த்துப் போடும் ஒரே ஊசியை செவன் இன் ஒன், நைன் இன் ஒன் என்பார்கள், முன்னே சொன்ன எலிக்காய்ச்சலுக்கான லெப்டோ தடுப்பு அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில், அப்புறம் டாக்டர் சொல்கிறபடி திரும்பவும், வருடா வருடமும். பூச்சி மருந்து ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதா மாதம். குட்டி சோர்ந்து படுத்து, வாந்தியும் ரத்தம் கலந்த நாற்றப் பேதியும் போனால் அது பார்வோவாக இருக்கலாம். காலையில் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றே கொண்டுபோக வேண்டும். இந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், பினாயில் ஊற்றினால் போகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். அதனால்தான் முன்பு பார்வோவில் குட்டி செத்த வீட்டுக்குப் புதுக் குட்டி கொண்டுவருவதற்குமுன் அவ்வளவு யோசிக்கச் சொல்கிறோம்.

ஊசி முடியும்வரை தெருவில் இறக்கக் கூடாது என்றால் வீட்டுக்குள் பூட்டி வை என்று அர்த்தமில்லை. முன்னே சொன்ன அந்தப் பதினான்கு வாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. தோளில் தூக்கிக்கொண்டு காலையில் மார்க்கெட் பக்கம் போங்கள், பஸ் சத்தம், ஹெல்மெட் போட்ட ஆள், குடை, சைக்கிள், தாடிக்காரர் எல்லாம் பார்க்கட்டும். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் பக்கம் மேளம் கேட்கும், தூரத்தில் நின்று கேட்கவைத்து வாயில் ஒரு துண்டு கோழி கொடுங்கள். அடுத்த தீபாவளிக்கு அதுதான் உதவும். ஊசி முடிந்த பிறகு பீச் ரோட்டுக்குக் கூட்டிப்போகலாம், விடியற்காலையில். கடல் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், பேதி ஆகும், வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் காலையும் வயிற்றையும் கழுவுங்கள். வெயில் காலத்தில் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களால் சில நொடி வைக்க முடியவில்லை என்றால் நாய்க்கும் வேண்டாம்.

உண்ணியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், நம் ஊரில் வளர்ந்த நாய்களைக் கொண்டுபோகிறவற்றில் முக்கியமானது அது பரப்பும் காய்ச்சல். நாய் சாப்பிடாது, காய்ச்சல் அடிக்கும், ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனை செய்தால் தட்டணுக்கள் இறங்கியிருக்கும். சீக்கிரம் பிடித்தால் மாத்திரையில் சரியாகும், தாமதித்தால் கஷ்டம். உண்ணி நாய் மேல் மட்டும் இருப்பதில்லை. சுவர் விரிசலில், கதவு நிலை இடுக்கில் போய் முட்டை வைக்கும். நாயைக் குளிப்பாட்டிவிட்டுச் சுவரை விட்டுவிட்டால் பதினைந்து நாளில் திரும்ப வரும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் குட்டிக்குக் கலந்து ஊற்றுவது, மண்ணெண்ணெய் தேய்ப்பது எல்லாம் விஷம், குட்டி நக்கித் தொலைக்கும். எடைக்கு ஏற்ற மாத்திரையோ கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ டாக்டர் தருவார்.

பிள்ளைகளுக்கு இரண்டு சட்டம் போதும். குட்டி சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது. அது கடிக்க வந்தால் கத்திக்கொண்டு ஓடக் கூடாது, மரம் மாதிரி நின்றுவிட வேண்டும். நாலு மாதத்தில் பல் விழுந்து முளைக்கும்போது கண்டதையும் கடிக்கும், செருப்பை எடுத்து மேலே வையுங்கள், கடிக்க ஒரு ரப்பர் பொம்மை கொடுங்கள். பல் பட்டோ நகம் பட்டோ ரத்தம் வந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஜிப்மர் பக்கத்தில்தான் இருக்கிறது. "நம் வீட்டுக் குட்டிதானே" என்று யாரும் சொல்ல வேண்டாம். தெருவிலிருந்து வந்த குட்டி மூன்று மாதம் ஆகாததாக இருந்தாலும் வெறிநோய் இருக்க முடியும், அந்த நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

கடைசிக் கேள்வி, இரண்டு குட்டி. வேண்டாம். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டை ஒன்றாகக் கொண்டுவந்தால் அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வளரும், உங்களைப் பார்க்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராது, ஒன்றைப் பிரித்து டாக்டரிடம் கொண்டுபோனால் மற்றது ஊரைக் கூட்டும். இரண்டும் பெட்டையாக இருந்தால் வளர்ந்த பிறகு சண்டை வேறு வரலாம். துடைக்கும் வேலையும் இரண்டு மடங்கு, அதுவும் யார் தலையில் என்று முன்பே பார்த்தோம். முதல் நாய் ஒன்றரை, இரண்டு வயதாகி, கூப்பிட்டால் வந்து, வீட்டுக்குள் பெய்யாமல், கயிற்றில் ஒழுங்காக நடக்கத் தொடங்கிய பிறகும் இன்னொன்று வேண்டும் என்று மாமியாரே சொன்னால், அப்போது பார்க்கலாம்.